வெல்லம்பிட்டியிலிருந்து செட்டிகுளத்துக்கு ஒரு பழைய மெசின்

எங்கள் வீட்டில் யாரும் டிராக்டர் என்று சொல்வதில்லை. வன்னிப் பக்கத்தில் அது மெசின்தான். "மெசின் வந்திட்டுதோ?" என்று கேட்டால் உழவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அப்பாவின் காணி செட்டிகுளத்தில். அதைச் செய்பவன் தம்பி. காசு என் பொறுப்பு, மண் அவன் பொறுப்பு. 2023இல் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய மெசின், பழையதாகப் பார்த்து, வாங்கினோம். அதைக் கொழும்பில் வாங்கினோம் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். கொழும்பில் ஏது வயல்? வயல் இல்லாவிட்டால் என்ன, மெசின் இருக்கிறது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

அப்பா காலத்தில் 5 ஏக்கர். அதற்கென்று ஜப்பானிலிருந்து ரிகண்டிஷனாக வந்த குபோட்டா ஒன்று இருந்தது. 18 குதிரைவலு, கூடவே வந்த, மண்ணைச் சுழற்றிக் கிண்டும் சின்ன ரொட்டவேட்டர். லிவருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஜப்பானிய எழுத்து ஒன்றும் எங்களுக்குப் புரியாது. அப்பா பெயிண்டால் 'மேலே', 'கீழே' என்று எழுதிவைத்திருந்தார். பெரியப்பா குடும்பம் கனடாவுக்குப் போன பிறகு அவர்களுடைய 6 ஏக்கர் எங்கள் கைக்கு வந்தது. பக்கத்துக் காணியில் 3 ஏக்கர் குத்தகைக்கு எடுத்தோம். ஆக 14. நெல் 9 ஏக்கர், மிச்சம் மேட்டுக்காணியில் உழுந்தும் கச்சானும்.

எங்கள் மேட்டு மண் சிவந்த மண். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. இரண்டுக்கும் நடுவில், முதல் மழைக்குப் பிறகு, கொழு இறங்கக்கூடிய பதம் சில நாட்கள்தான் நிற்கும். அந்தப் பதத்தில் உழுது விதைத்துவிட்டால் பின்னால் வரும் மாரி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். விட்டால் அந்தப் போகம் முழுக்க மழைக்குப் பின்னால் ஓட வேண்டியதுதான். சின்ன மெசினின் ரொட்டவேட்டர் அகலம் நாலடி. ஆமை வேகம். ஏக்கருக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 14 ஏக்கரை இரண்டு தரம் அடிக்க, மழையும் பழுதும் குறுக்கே வராவிட்டால்கூட, 12 நாள். பதம் அவ்வளவு நாள் நிற்காது.

வாடகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தோம். 2022 காலபோகத்தில், அதாவது மாரி மழைப் போகத்தில், வாடகை மெசினுக்கு மட்டும் 3 இலட்சத்துக்கு மேல் போனது. காசுகூடப் பரவாயில்லை. முதல் மழை எல்லாருக்கும் ஒரே நாளில்தானே பெய்கிறது! வாடகை மெசின்காரர் முதலில் தன் வயலை உழுவார், பிறகு மச்சானின் வயலை, பிறகு 30 ஏக்கர் வைத்திருப்பவரின் வயலை. எங்கள் முறை வரும்போது மண் பசையாகிவிட்டது. அன்று இரவு தம்பி போன் எடுத்தான். "அக்கா, உந்தச் சின்ன மெசினை வச்சுக்கொண்டு இனி ஏலாது. ஒண்டில் காணியைக் குறைப்பம், இல்லாட்டி மெசினைப் பெருப்பிப்பம்."

அதற்கு முந்திய இரண்டு வருடமும் அந்தப் பேச்சையே எடுக்க முடியாதிருந்தது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. 2022இல் டீசல் வரிசை. ஜூன் கடைசியில் லீற்றர் 460 ரூபா, அதுவும் கிடைத்தால். போதாததற்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வண்டிகளுக்கெல்லாம் புது மாப்பிள்ளை மவுசு. எங்களுக்கு 2023 ஓகஸ்ட்டுக்குள் வாங்கியாக வேண்டும். அவசரத்தில் வாங்குபவன் ஏமாறுவான் என்று தெரிந்தும் அவசரத்தில்தான் இறங்கினோம்.

தம்பி முதலில் ஆசைப்பட்டது நாலு சில்லும் இழுக்கிற 75 குதிரைவலு மெசின். யூடியூப் பார்த்த ஆசை. நான் ஒரு பேப்பரில் கோடு போட்டு, பெரியது வந்தால் வேறு என்னென்ன மாற வேண்டும் என்று எழுதச் சொன்னேன். எங்கள் வயல் துண்டுகள் சிறியவை, திரும்ப இடமில்லை. வயலுக்குப் போகும் பாதையில் ஒரு சின்ன மதகு. படலை ஒன்பதடி. 75க்கு ஏற்ற கலப்பைகள் வேறு விலை. எழுதி முடித்தபோது அவனே 75ஐ வெட்டிவிட்டான். மிச்சம் நின்றது 45 குதிரைவலுப் பக்கம்: ஒன்பது கொழு வைத்த கலப்பையை இழுக்கும், நெல் ஏற்றிய இழுவைப் பெட்டியை இழுக்கும், வரம்புக்குள் திரும்பும். எங்கள் கணக்கில் ஏக்கருக்கு ஒரு மணி நேரம். 14 ஏக்கரையும் இரண்டு தரம் உழ நாலு நாள். பன்னிரண்டை நாலாக்குவதற்குத்தான் காசு கொடுக்கப் போகிறோம் என்று தெளிவானதும் மற்ற ஆசைகள் தாமாகவே கழன்றன.

எந்த மெசின் என்பதைத் தீர்மானித்தது பஞ்சிகாவத்தை. கொழும்பில் பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்லத் தேவையில்லை. மருதானைப் பக்கம், வரிசையாக உதிரிப்பாகக் கடைகள். வேலை முடிந்து இரண்டு பின்னேரம் அங்கே நடந்தேன். கையில் ஒரு சின்னப் பட்டியல்: கிளச் தட்டு, ஹைட்ரோலிக் பம்புச் சாமான், முன் அச்சு ஆணியும் புஷ்ஷும், அச்சு சீல். நான் யோசித்திருந்த நாலு ரகத்துக்கும் எது உடனே கிடைக்கும், எது 'ஓடர் பண்ணணும்', எதற்கு உதட்டைப் பிதுக்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். மாசி பெர்குசன் 240 என்றதும் ஒரு கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஒரிஜினலா, இந்தியாவா, பாகிஸ்தானா?" என்றார். மூன்று விலையில் இருந்தது. அதன் பெர்கின்ஸ் எஞ்சின் மூன்று சிலிண்டர், இரண்டரை லீற்றர். அதே குடும்பத்து எஞ்சின் பழைய 135இலும் இருந்ததால் கை தேர்ந்த பாஸ்மார், அதாவது மெக்கானிக்மார், ஊரெல்லாம் இருக்கிறார்கள். காலபோகத்தின் நடுவில் ஒரு சீல் போனால் இரவு பஸ்ஸில் போட்டுவிடலாம், விடிய வவுனியாவில் எடுக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் அதைத் தேர்ந்தேன். தம்பிக்கு மனசுக்குள் கொஞ்சம் கவலை, அது பார்க்கப் பழசாக இருக்குமே என்று.

அடுத்தது ஆள். எங்கள் அலுவலக வான் பழுதுபார்க்கும் கராஜில் ஒரு பாஸ் இருக்கிறார். மஸ்கெலியா ஊர், தோட்டத்தில் லொறி, டிராக்டர் எல்லாம் அவிழ்த்துப் பழகிய கை. ஒரு நாள் கூலியும் சாப்பாடும் தந்தால் வருகிறேன் என்றார். அவர் முதலில் கேட்டது விலையும் அல்ல, வருடமும் அல்ல. "என்னத்த மாட்டப் போறீங்க மிஸ்? கலப்பையா, ரொட்டவேட்டரா, பெட்டியா? அதச் சொல்லுங்க, எதப் பாக்கணும்னு நான் சொல்றேன்." இரண்டாவதாக ஒன்று சொன்னார்: "நாம வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ண வேணாம்னு போன்ல சொல்லிருங்க."

குருநாகலில் ஒரு 240 விளம்பரத்தில் இருந்தது. போனோம். புதுச் சிவப்புப் பெயிண்ட், கண்ணைப் பறித்தது. பாஸ் எஞ்சின் மேல் கையை வைத்துவிட்டு உடனே எடுத்தார். சுட்டது. "காலையில கொஞ்சம் ஓட்டினோம்" என்றார் விற்பவர். சூட்டில் எந்த எஞ்சினும் நல்ல பிள்ளை. குளிரில் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, பிடித்ததும் வரும் புகை என்ன நிறம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்: நீலம் என்றால் ஒயில் எரிகிறது, வெள்ளைப் புகை சூடாகிய பின்னும் நிற்காவிட்டால் தண்ணீரோ எரியாத டீசலோ, கறுப்பு என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை. பெயிண்ட் போல்ட் தலைகளுக்கு மேலும், ரப்பர் பைப்புக்கு மேலும் போயிருந்தது. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் உள்ள இணைப்பில் மட்டும் பெயிண்டுக்கு அடியிலிருந்து ஒயில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. வண்டிப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் பெயர் விற்பவருடையது அல்ல, அவருக்கு முந்தியவருடையதுகூட அல்ல. 'ஓப்பன் பேப்பர்' என்று, வாங்குபவர் பெயர் இல்லாமல் பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு தாள். அந்தக் கையெழுத்துக்காரர் எங்கே என்று கேட்டேன். "இத்தாலியில." நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

இன்னொன்று லீசிங் கம்பனி ஒன்று தவணை கட்டாதவரிடமிருந்து எடுத்துவைத்த மெசின், கொழும்புக்கு வெளியே ஒரு யார்டில். பற்றரி இல்லை, ஸ்டார்ட் பண்ணிக் காட்ட மாட்டார்கள், இருக்கிறபடி எடுக்க வேண்டும். விலை ஆசை காட்டியது. பாஸ் சுற்றி வந்து, "லொத்தர் சீட்டு மிஸ்" என்றார். விட்டோம்.

வெல்லம்பிட்டிய மெசினைச் சொன்னது பஞ்சிகாவத்தைக் கடைக்காரர்தான். கொழும்பிலும் அதைச் சுற்றியும் டிராக்டர் என்ன செய்கிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. தண்ணிப் பவுசர் இழுக்கிறது, மண்ணும் கல்லும் ஏற்றிய பெட்டி இழுக்கிறது, குப்பை ஏற்றுகிறது. கலப்பையைக் கண்டிராத மெசின்கள். விற்ற நானா, அதாவது முஸ்லிம் அண்ணன், கட்டட வேலைத் தளங்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர். வயசு போய்விட்டது, மகன்மார் வேறு வேலை. முற்றத்தில் ஒரு பலாமரத்துக்குக் கீழே மெசின் நின்றது. பெயிண்ட் வெளிறி, மட்கார்ட் நெளிந்து, ஒரு அலங்காரமும் இல்லாமல்.

"நான் பொய் செல்ல மாட்டன் தங்கச்சி," என்று தொடங்கினார். "2016 வெள்ளத்துல இது இடுப்பளவு தண்ணியில நிண்டது. எஞ்சின இறக்கி எல்லாத்தையும் செஞ்சது. பில் ஈக்கிது." அந்த மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டியப் பக்கமெல்லாம் மூழ்கியது எனக்கும் நினைவிருந்தது, எங்கள் அலுவலகத்திலிருந்து சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோனோம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றதும் எனக்கு எழும்பிப் போகத் தோன்றியது. பாஸ் கண்ணால் இருக்கச் சொன்னார். வெள்ளத்தை மறைப்பவரிடம் வாங்குவதற்கு, வெள்ளத்தைச் சொல்லி பில்லைக் காட்டுபவரிடம் வாங்கலாம் என்பது அவர் கணக்கு. நானும் பில்லைப் பார்த்தேன். லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் தேதியோடு இருந்தன. பில் படிப்பது மட்டும் எனக்குத் தெரிந்த வேலை.

குளிர்ந்த எஞ்சின் இரண்டாம் சுற்றில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, அரை நிமிடத்தில் தெளிந்தது. பாஸ் ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, உள்ளங்கையை மேலே பிடித்தார். மெதுவாக மூச்சு வந்தது. உள்ளே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அந்த மூச்சு புகையோடு தள்ளும். அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு, மெது ஓட்டத்தில் ஒயில் அழுத்த முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். குளிரில் எல்லா முள்ளும் மேலேதான் நிற்கும், சூட்டில் விழாமல் நிற்க வேண்டும்.

மணிக்கணக்கு மீட்டர் 3,100இல் செத்துக் கிடந்தது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தது மிதியின் தேய்வு, ஸ்டியரிங்கின் ஆட்டம், பின்னால் பெட்டி கொளுவும் இழுவைச் சட்டத்தின் துளை. வட்டமாக இருந்திருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. "இழுத்திருக்கு, நல்லா இழுத்திருக்கு. கிளச்சுக்கு காசு எடுத்து வைங்க." கிளச் மாற்றுவது இந்த ரகத்தில் சின்ன வேலை அல்ல. மெசினை நடுவில் இரண்டாகப் பிரித்து, எஞ்சினை ஒரு பக்கமும் கியர்ப்பெட்டியை ஒரு பக்கமும் தள்ளவேண்டும். இதில் இரட்டைக் கிளச்: பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பின்னால் பி.டி.ஓ. தண்டு, அதாவது ரொட்டவேட்டர் போன்றவற்றைச் சுழற்றும் தண்டு, சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க மிதித்தால் இரண்டும் நிற்கும். ரொட்டவேட்டர் போட நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒற்றைக் கிளச் என்றால், வரம்புக்குக் கிட்டப் போய் மிதித்ததும் ரொட்டவேட்டரும் நின்றுவிடும்.

பிறகு லிப்ட், கலப்பையைத் தூக்கும் பின் கைகள். நானா லிவரைத் தூக்கினார். பின் கைகள் அசையவில்லை. அவருக்கே அதிர்ச்சி, வாங்கிய நாளிலிருந்து அதைத் தூக்கிப் பார்த்ததே இல்லையாம். பவுசருக்கு எதற்கு லிப்ட்? 'சரி, போச்சு' என்று நான் பையை எடுத்தேன். பாஸ் சிரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த இன்னொரு லிவரைத் தள்ளினார். கைகள் இரண்டும் முனகிக்கொண்டு மேலே வந்தன. இந்த மெசினில் ஹைட்ரோலிக் பம்பு பின்பெட்டிக்குள்ளே, ஒயிலில் மூழ்கி, பி.டி.ஓ. தண்டிலிருந்துதான் ஓட்டம் எடுக்கிறது. லிவர்கள் உரிய நிலையில் இல்லாவிட்டால் லிப்ட் அசையாது. இது தெரியாமல் எத்தனை பேர் நல்ல மெசினை விட்டுப் போயிருப்பார்களோ, எத்தனை தரகர் இதை வைத்து விலை குறைத்திருப்பார்களோ.

தூக்கினால் மட்டும் போதாது, தூக்கியதைப் பிடித்து நிற்க வேண்டும். பக்கத்துத் தளத்திலிருந்து நாலு சீமெந்து மூட்டை கொண்டுவரச் சொல்லி, ஓர் இரும்புச் சட்டத்தை வைத்து அதன்மேல் கட்டினோம். 200 கிலோ. தூக்கி, எஞ்சினை நிறுத்தி, சுவரில் சோக்கால் கோடு போட்டோம். பத்து நிமிடத்தில் நாலு விரல் இறங்கியிருந்தது. இந்த வயசுக்குப் பரவாயில்லை என்றார் பாஸ். ஆனால் கியர்ப்பெட்டி ஒயில் கம்பியை இழுத்தபோது முகம் மாறியது. பால் தேத்தண்ணி நிறம். உள்ளே தண்ணீர்.

நான் வெள்ளத்தைச் சொன்னேன். "இல்ல மிஸ், ஏழு வருஷத் தண்ணியா இது? இது போன மாச மழை." கியர்க் கம்பு உள்ளே இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கிறது. அது வெடித்திருந்தது. மழையில் நிற்கும் மெசினில் தண்ணீர் கம்பு வழியே ஒழுகி நேராகக் கியர்ப்பெட்டிக்குள் போகிறது; கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்; அந்த ஒயிலுக்குள்தான் பம்பு. சில நூறு ரூபா ரப்பர், கீழே பெரிய செலவு. நீங்கள் வைத்திருக்கும் பழைய மாசியிலும் இன்றைக்கே போய் அந்த ரப்பரைப் பாருங்கள்.

நானா கேட்டது 24 இலட்சம். கிளச், ஒயில், முன் டயர் இரண்டு, பற்றரி என்று பேப்பரில் எழுதி அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார், டயர் விலை கூட என்று 5,000 ரூபாவை வெட்டினார், பிறகு 21 இலட்சத்து 50 ஆயிரத்துக்குச் சம்மதித்தார். இவ்வளவு மரியாதையான பேரத்தை நான் இந்த ஊரில் வேறெங்கும் கண்டதில்லை.

புத்தகத்தில் பெயர் அவருடையது, அது நல்லது. சசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் உரசித் துடைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டோம். ஆனால் 'அப்சலூட் ஓனர்' வரியில், கடன் கொடுத்தவரை எழுதும் இடத்தில், ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நின்றது. கடன் எப்போதோ கட்டி முடித்துவிட்டார், பெயரை எடுக்கத்தான் மறந்துவிட்டார். அந்தப் பெயர் நிற்கும்வரை உரிமை மாறாது. கடன் முடிந்த கடிதம் வேண்டும், அதைக் கொண்டு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை நீக்க வேண்டும். நானா நல்லவர்தான், இருந்தாலும் 2 இலட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தருவதாக ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். கடிதம் கிடைக்க மூன்று வாரம் ஆனது. முழுக்காசையும் முதல் நாளே கொடுத்திருந்தால் மூன்று மாதமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை, மனுசர் எல்லாரும் அப்படித்தான், நானும்.

கிளச்சைக் கொழும்பிலேயே மாற்றினோம், பாஸ் கையால். தேய்ந்த தட்டின் ரிவெட் தலைகள் இரும்பில் உரசத் தொடங்கியிருந்தன. இன்னொரு மாதம் போயிருந்தால் அழுத்தத் தட்டையும் தின்றிருக்கும். பால் தேத்தண்ணியைச் சூட்டோடு இறக்கி, இரவு முழுக்க வடியவிட்டு, மலிவான ஒயில் ஊற்றி மெதுவாக அரை மணி ஓட்டி, அதையும் இறக்கி, பிறகுதான் நல்ல ஒயில். ஒரு தரத்துக்கு 30 லீற்றருக்கு மேல் பிடிக்கிறது. பின் அச்சு சீல் இரண்டும் மாற்றினோம். அது கசிந்தால் ஒயில் நேரே பிரேக்குக்குள் போகும்.

மெசினை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று தம்பி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. லொறியில் ஏற்றி, புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக அனுப்பினோம். கடைசிக் கணக்கு இது: மெசின் 21 இலட்சத்து 50 ஆயிரம். லொறி 85,000. கிளச் கூலியோடு 1 இலட்சத்து 60 ஆயிரம். ஒயில், சீல், ரப்பர் 1 இலட்சத்து 10 ஆயிரம். முன் டயர் 70,000. பற்றரி 45,000. கூட்டினால் 26 இலட்சத்து 20 ஆயிரம். வாங்கிய விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கூட. நான் இதை முன்கூட்டியே ஒதுக்கியிருந்தேன், அதனால் வட்டிக்கு வாங்க வேண்டி வரவில்லை. ஒதுக்காமல் விட்டது ஒன்று இருந்தது: கலப்பை.

சின்ன மெசினின் ரொட்டவேட்டரைப் பெரியதில் கொளுவலாம் என்று இருவருமே நினைத்திருந்தோம். கொளுவப் போனால் பின் கைகளின் உருண்டைத் துளை பெரிது, ரொட்டவேட்டரின் கொளுவும் ஆணி சின்னது. இதற்கெல்லாம் அளவு வகுப்பு இருக்கிறது. முதலாம் வகுப்பில் கீழ் ஆணி 22 மில்லிமீற்றர், இரண்டாம் வகுப்பில் 28. புஷ் போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் நாலடி ரொட்டவேட்டர் மெசினின் பின் டயர்த் தடத்தையே மூடாது. உழுத இடத்தை மெசினே மிதித்துக்கொண்டு போகும். கடைசியில் குபோட்டாவையும் அதையும் சேர்த்தே விற்று, ஒன்பது கொழுக் கலப்பை ஒன்றைப் பழையதாக வாங்கினோம், 2 இலட்சத்து 30 ஆயிரம். பழைய கலப்பை வாங்கும்போது சட்டத்தில் வெல்டிங் தழும்பு எத்தனை என்று எண்ணுங்கள். வில்லுகள் எல்லாம் ஒரே நீளமா என்றும் பாருங்கள். நாங்கள் பார்க்காமல் இரண்டு வில்லு மாற்றினோம்.

முதல் நாள் உழவில் பின் சில்லுகள் வழுக்கின. கொழு கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மெசின் நின்ற இடத்தில் சுற்றியது. கொழும்பில் பவுசர் இழுத்தபோது பாரம் பவுசரின் முன்பக்கத்தால் பின் அச்சில் அழுத்தியிருக்கிறது. இங்கே அந்தப் பாரம் இல்லை. பாஸ் போனிலேயே வழி சொன்னார்: டயர் வால்வை உச்சிக்கு வரும்படி திருப்பி, அந்த மட்டம் வரைக்கும் தண்ணீர் நிரப்பு. முக்கால் பங்கு தண்ணீர், மேலே காற்று. காசில்லாத வைத்தியம். வழுக்கல் நின்றது. டீசல் மணிக்கு 5 லீற்றர் அளவில் இறங்கியது. ஏக்கருக்குப் பார்த்தால் சின்ன மெசினை விடப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் சேற்று வயலில் பாரம் எதிரிதான். சின்ன மெசின் மிதந்துகொண்டு போன இடத்தில் இது புதைந்தது. தாழ்வான 2 ஏக்கருக்கு இப்போதும் பக்கத்து வீட்டு அண்ணையின் இரண்டு சில்லு மெசினைத்தான் கூப்பிடுகிறோம். எல்லாவற்றையும் ஒரே மெசினால் செய்ய நினைத்தது எங்கள் பேராசை. சின்னதை விற்றதற்குத் தம்பி இன்னும் ஒரு பெருமூச்சு விடுவான்.

பயம் என்று ஒன்று எனக்கு வந்தது சாரத்தால். தம்பி வயலில் கட்டுவது சாரம்தான். சின்ன மெசினுக்குப் பக்கத்தில் அப்படியே நின்று பழகியவன். பெரியதில் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, மூடி இல்லாத தண்டு. சாரத்தின் ஒரு முனை பட்டால் போதும், ஆளைச் சுருட்டி எடுத்துவிடும். தண்டுக்கு மூடி வாங்கிப் போட்டேன். காற்சட்டை போடாமல் ஏறினால் டீசல் காசு அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லிவைத்தேன். பிரேக் மிதி இரண்டு, இடது வலது என்று தனித்தனி. வயலில் திரும்ப அது வசதி, வீதியில் ஒன்றை மட்டும் மிதித்தால் மெசின் புரளும். வீதிக்கு ஏறமுன் இரண்டையும் சேர்த்துக் கொளுக்கி போட வேண்டும். இந்த மெசினுக்குப் புரளும்போது காக்கும் சட்டமும் கிடையாது. குளக்கட்டுச் சரிவால் இறங்குவதை நிறுத்திவிட்டோம். சுற்றுப் பாதை கால் மணி நேரம் கூட, பரவாயில்லை.

2023 காலபோகம். முதல் மழை விழுந்து மூன்றாம் நாள் விடிய ஐந்து மணிக்குப் போன். தம்பி பேசவில்லை. போனை மெசினுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறான். வெள்ளவத்தை மாடி வீட்டில், காலி வீதி பஸ் சத்தத்துக்கு முன்னால், அந்த மூன்று சிலிண்டர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு நாளில் முடியும் என்று போட்ட கணக்கு ஐந்தரை நாள் எடுத்தது. அரை நாள் டீசலுக்குள் தண்ணீர் போய், குழாயில் நின்ற காற்றை எடுத்து ஸ்டார்ட் பண்ணத் தெரியாமல். ஒரு நாள் மதகால்.

மதகு உடைந்தது முழுக்க என் பிழை. கோடு போட்ட பேப்பரில் 'மதகு' என்று எழுதியிருந்தேன், 75க்கு எதிராக. 45 என்று தீர்மானித்த பிறகு அந்தச் சொல்லை மறந்துவிட்டேன். முக்கால் தொன் குபோட்டா வருடக்கணக்காக ஏறி இறங்கிய பழைய சீமெந்துப் பலகை, ஒன்றே முக்கால் தொன் மெசின் கலப்பையோடு ஏறியதும் நடுவில் விரிந்துவிட்டது. நல்லவேளை, முன் சில்லு தாண்டிவிட்டிருந்தது. இப்போது அங்கே கொங்கிரீட் குழாய் இரண்டு வைத்து மேலே மண் போட்டிருக்கிறோம். படலையை மட்டும் இன்னும் அகலப்படுத்தவில்லை. வலது பக்கத் தூணில், கலப்பை உரசிய உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சு உதிர்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் தம்பி அதைக் காட்டி, "அக்கா, இது கணக்கில வந்ததோ?" என்று கேட்கிறான்.